காலில் தடவிய வெள்ளைப்பூடு

பதுளைப் பள்ளிவாசலின் மோதினார் மஹ்ரூபுக்கு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஐந்து வேளைத் தொழுகைக்கும் கழுவி நனைகிற கால், அதிலும் மலைநாட்டு மழை; ஆறுவேனா என்றது புண். வெளிநாட்டுச் சாமான் வராத எழுபதுகளின் நடுப்பகுதி அது. களிம்புக்கு எங்கே போவது? தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொல்ல நின்றால் அரிப்பு உயிரை எடுத்தது, குரல் தடுமாறியது. இப்படியே போனால் வேறு ஆள் பார்ப்போம் என்று நிர்வாகத்தார் சாடையாகச் சொல்லிவிட்டார்கள். வாங்கைப் பறித்தால் அந்த மனிதரிடம் வேறென்ன இருக்கிறது?

மனைவி ஸித்தி ஸுபைதா வெள்ளைப்பூட்டை எண்ணெயில் காய்ச்சித் தடவினாள். பச்சைப்பூடு தின்ற வாடையோடு பள்ளிக்குப் போகக் கூடாதென்பது நபிமொழி. அதனால் வாடை துளியும் மிஞ்சாமல் காய்ச்சினாள். வாடை போயிற்று, புண் போகவில்லை.

பண்டாரவளையில் ரசாயனம் படிப்பிக்கும் அவள் தம்பி புஹாரி இதைக் கேட்டுச் சிரித்தான். முழுப் பூட்டில் அந்த மருந்தே கிடையாதாம். நசுக்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு சரக்கு ஒன்றையொன்று தொட்டு, கந்தகம் கலந்த அல்லிசின் பிறக்கிறதாம். பூஞ்சணத்தைக் கொல்வதும் அதுதான், வாடைக்குத் தாயும் அதுதான். நெருப்புப் பட்டால் செத்துப்போகும்.

வெள்ளிக்கிழமை காலை, மஹ்ரூப் பூட்டைப் பச்சையாக நசுக்கி எண்ணெயில் குழைத்துத் தடவினார். சுள்ளென்று எரிந்தது, பிறகு அரிப்பு அடங்கியது. வாயில் வைக்கவில்லையே, காலில்தானே என்ற நிம்மதியோடு சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். வாசலில் ஸுபைதா மூக்கைப் பொத்தினாள்.

“பூடு தின்டீங்களா?”

“அல்லாஹ் அறிய, வாயில வெக்கவே இல்ல.”

உள்ளங்கையில் ஊதிப் பார்த்தார். வாடை மூக்கைத் துளைத்தது.

“தோலால பூந்து, ரத்தத்தோட ஓடி, மூச்சில வந்தீக்கி மச்சான்,” என்றான் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த புஹாரி. புண் ஆற இன்னும் சில நாள் தடவ வேண்டும், அதுவரை வாடையும் போகாது என்றான்.

மஹ்ரூப் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம்தான் வந்திருக்க வேண்டும்; வந்ததோ மலைப்பு. காலில் வைத்ததை வாய் சொல்கிறது. தன் உடம்புக்குள்ளேயே இப்படியொரு பாதை ஓடுவது இந்த வயதுவரை தெரியவில்லையே என்று, படைத்தவனை நினைத்துக் கண் கலங்கினார்.

“ஆறும் மட்டும் வாங்கு நீ சொல்லு மச்சான். நிர்வாகம் என்ன சொன்னாலும் சரி.”

கொஞ்ச நேரத்தில் பள்ளியிலிருந்து புஹாரியின் கட்டைக் குரல் கேட்டது. ராகமும் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை காலம் ஊரையே கூப்பிட்ட மனிதரை இன்றைக்குத்தான் ஒருவர் கூப்பிட்டார். படியில் இருந்தபடியே, பூட்டு மூச்சோடு, வாங்கைக் கேட்பவர்கள் சொல்லும் பதிலை ஒவ்வொரு வரிக்கும் அவர் மெதுவாகச் சொன்னார்.