பத்மாசனி வெட்டிய வரம்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு விதியிலிருந்து கிடைத்தது. உதவி பெற்றவர் சொல்லும் அந்த மூன்றெழுத்துச் சொல்லை எழுதாமலே அதைச் சொல்லவேண்டும். விதியைப் போட்டது நானல்ல, பத்மாசனி. மாட்டிக்கொண்டதும் அவள்தான்.

(முதலில் ‘முள்ளியவளை வயல்களில் பொழுது புலர்ந்து’ என்று தொடங்கினேன். எந்த ஊரில்தான் பொழுது புலரவில்லை? அடித்துவிட்டேன்.)

2

பத்மாசனி வயல் செய்கிறவள். ஞாயிறு பின்னேரங்களில் வாசிகசாலையில் கூடும் கவிதை வட்டத்தை நடத்துகிறவளும் அவளே. கோட்பாட்டுப் புத்தகங்கள் ஒரு உரப்பை நிறைய வைத்திருக்கிறாள். ஆனால் அவளுடைய சொந்தக் கோட்பாடு வயலில் விளைந்தது: கவிதையின் அடி வரம்பு மாதிரி, எந்த இடத்தில் வெட்டுகிறோமோ அந்தப் பக்கம் பொருள் பாயும். ஒரே வசனத்தைக் கொடுத்து ஆளுக்கொரு இடத்தில் வெட்டச் சொல்லுவாள். இன்னொரு விளையாட்டு, சொல் விலக்குவது. பசியைப் பற்றி எழுது, பசி என்று எழுதாதே.

3

போன சிறுபோகக் கோடையில் அவள் கால் முறிந்து கிடந்தாள். பக்கத்து வயல் லதீபா, தன்னுடைய தண்ணீர் முறை வந்த நாளில், நடு வரம்பை வெட்டிப் பாதித் தண்ணீரை இந்தப் பக்கம் விட்டாள். பத்மாசனியின் நெல் தப்பியது, லதீபாவின் மேட்டுத் துண்டு கருகிப்போனது. அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் கதைக்கவில்லை.

இப்போது லதீபா வவுனியாவுக்கு, மகளோடு இருக்கப் போகிறாள். வட்டத்தில் அவளுக்கு இது கடைசி ஞாயிறு. செய்தி வந்தது நேற்று; அந்த மூன்றெழுத்தை விலக்கி பத்மாசனி அறிவித்தது போன கிழமை.

(‘பத்மாசனியின் கண்கள்’ என்று ஒரு வசனம்... வேண்டாம். அவள் அழுகிற ஆளில்லை.)

4

பத்மாசனி எழுந்து வாசித்தாள்.

உன் மேட்டில்
கருகிய நெல்லை
வருடம் முழுக்க நான் சாப்பிட்டேன்

“கருகின நெல்லோ? வயித்துக்குள்ள ஒண்டும் செய்யேல்லையே அக்கா?” என்றான் பஸ் கொண்டக்டர் நிரோஜன். எல்லாரும் சிரித்தார்கள். லதீபா சிரிக்கவில்லை.

“அது எந்த மேடு, பத்மாசனி?”

“உங்கட மேடுதான் லதீபாக்கா. வேற ஆற்ற மேடு?”

லதீபா தாளை வாங்கினாள். கொஞ்சநேரம் பார்த்தாள். பேனையை எடுத்து ‘கருகிய’வுக்கும் ‘நெல்லை’க்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தாள்.

“வெட்டின இடம் பிழை. கருகினது என்ர பக்கம் கிடக்கட்டும். நெல்லில இருந்து உங்கட பக்கம் விடுங்கோ.”

உன் மேட்டில் கருகிய
நெல்லை வருடம் முழுக்க நான் சாப்பிட்டேன்



5

முடிவு ஒன்று: பத்மாசனி விதியை மீறி அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறாள், தண்டமாக எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றுகிறாள். முடிவு இரண்டு: லதீபா பயணத்தை நிறுத்தி... இல்லை, மகள் பாவம், பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவ்வளவு தூரம் என்னோடு வந்தீர்களே பிள்ளைகள், உங்களுக்கும் அந்தச் சொல்லை நான் சொல்லவேண்டும். விதி விடவில்லை. அதனால் கடைசி வசனத்தை வெட்டாமல் தருகிறேன். மண்வெட்டி இனி உங்கள் கையில்.

லதீபா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள் பத்மாசனி சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு வயல்வரை நடந்தாள் நடு வரம்பில் அன்றைக்கு வெட்டிய வாய் இன்னும் மூடாமல் கிடந்தது