அது அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு

1

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்த கதை இது. வேறு பெருமை எதுவும் இதற்கு இல்லை.

ஒதுங்கிய வாசல் ஒரு சுருட்டுக் கடையினுடையது. மூலைக் கடையில் கட்டுக் கட்டாகத் தொங்கும் சுருட்டு அல்ல. கண்ணாடி அலமாரிக்குள், ஈரப்பதம் பார்த்துப் பார்த்து வைத்த மரப்பெட்டியில், பிறந்த குழந்தை மாதிரி படுக்க வைத்திருக்கும் விலை உயர்ந்த சுருட்டு. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல்.

"அப்பா, அது அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு."

ஒரு பெரியவரின் குரல்.

"தெரியும். பேசாம இரு."

அவ்வளவுதான். மழை விட்டுவிட்டது. மழை விட்ட பிறகும் ஒரு கிழவி சுருட்டுக் கடை வாசலில் நிற்பதற்கு மரியாதையான காரணம் எதுவும் கிடையாது. வந்துவிட்டேன்.

எனக்குக் கதை குரலாகத்தான் வரும். முகம், சட்டை, சுவரின் நிறம் எல்லாம் பிறகு நான் இரவல் வாங்கி ஒட்டுவது. இந்த இரண்டு வரியும் வீடு வரைக்கும் கூடவே வந்தன. பாத்திரம் கழுவினால் குழாயடியில் "தெரியும்" என்றது. தொலைபேசியில் சம்பந்தியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் "பேசாம இரு" என்றது. (அது நல்ல யோசனையாகவும் இருந்தது.) சரி, எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

"நீலப் புகை சோம்பலாக மேலெழுந்து, ஒரு நாட்டியக்காரியின் இடையைப் போல வளைந்து..."

(வேண்டாம். புகையைப் பார்த்தவுடன் இடுப்பு ஞாபகத்துக்கு வருவது ஆண் எழுத்தாளர்களின் வியாதி. இந்த வயதில் அது எனக்குத் தொற்றக் கூடாது.)

இரண்டாவது தொடக்கம்:

"சுருட்டைச் சுவைப்பது ஒரு தவம். முதலில் கண்ணால், பிறகு விரலால், பிறகு மூக்கால்..."

(இது விளம்பரத் தாள். தவம் செய்கிறவர்கள் பில் போடுவதில்லை.)

விஷயம் தெரியாமல் எழுதக் கூடாது என்று அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். சுருட்டு ருசி பார்க்கிற கூட்டங்களுக்குப் போய், வாயைக் குவித்துப் படம் எடுத்துப் போடுகிறவன்.

"மைல்டுன்னா என்னடா? அந்தக் கடைக் கண்ணாடியில எழுதியிருந்துச்சு."

"காட்டம் இருக்காது அத்தை. நாக்கைக் கடிக்காது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும்."

"அப்ப வெண்ணெயே வாங்கித் தின்னலாமே."

"அத்தை, நீங்க கதை எழுதறீங்களா, வம்புக்கு இழுக்கறீங்களா?"

இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. பாவம், பொறுமையாகச் சொன்னான். கம்பெனிப் பெயர் தெரியாமல் இருக்க, சுருட்டின் இடுப்பில் உள்ள காகிதப் பட்டையைக் கழற்றிவிடுவார்களாம். தலைப் பக்கத்தை வெட்டி, பற்றவைக்காமலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்களாம். பிறகு நெருப்பு. புகையை விழுங்கக் கூடாது. வாயில் வைத்திருந்து விட்டுவிட வேண்டும். ஆரம்பம், நடு, கடைசி என்று ஒரே சுருட்டுக்கு மூன்று ருசி. கதைக்குச் சொல்கிற இலக்கணத்தையே சுருட்டுக்கும் வைத்திருக்கிறார்கள். அதிலும் நடுப்பகுதியில்தான் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

"ஒண்ணு முக்கியம் அத்தை. சுருட்டு சிகரெட் மாதிரி தானா எரியாது. இழுக்காம பேசிக்கிட்டே இருந்தா அணைஞ்சிடும்."

"அப்ப நம்ம வீட்டு ஆம்பளைங்க கையில ஒரு சுருட்டும் எரியாது."

போனை வைத்துவிட்டான். ஆனால் கதை அங்கேதான் பற்றிக்கொண்டது.

3

இனி நானாக உண்டாக்கியவர்கள்.

பெரியவர் அந்தக் கடையை ஆரம்பித்தவர். தொழிலில் அவருக்கு 'மூக்கு' என்றே பெயர். நேரில் 'ஐயா', முதுகுக்குப் பின்னால் 'மூக்கு'. கடையை இப்போது நடத்துவது அவருடைய மாப்பிள்ளை. ஆனால் புதுச் சுருட்டு எதுவும் மூக்கு ஒப்புக்கொள்ளாமல் அலமாரி ஏறாது. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஒரு வட்ட மேசை, மூன்று நாற்காலி. ஒன்று மூக்குக்கு. மற்ற இரண்டில் நெடுநாள் வாடிக்கையாளர்கள்: ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல். பல் டாக்டர் காலையில் நோயாளிகளிடம் புகையை விடச் சொல்லிவிட்டு மாலையில் இங்கே வந்து விடுவார், புகையை. நெருப்பு வைப்பது மகள். சுருட்டுப் பெட்டியோடு வரும் மெல்லிய மரச் சிம்பைப் பற்றவைத்து, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஏற்றிக் கொடுப்பாள். தீக்குச்சி மருந்தின் வாடை சுருட்டில் ஏறக் கூடாதாம்.

அந்த மேசைக்கு மூக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். சுருட்டை அணையவிட்டவன் ருசி பார்க்கிறவன் இல்லை, வாயடிக்கிறவன். அவன் எழுந்துவிட வேண்டும். மறு நெருப்பு கிடையாது. மறுபடி அந்த மேசையில் இடமும் கிடையாது. அணைந்ததை அறிவிக்க வேண்டியவள் நெருப்பு வைத்தவள்.

கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்கும் அங்கே ஒரு நாற்காலி போட்டார்கள். மாமனாரை அசத்த வேண்டும் என்று பையன் வாய் ஓயாமல் பேசினான். சுருட்டு அணைந்துவிட்டது. மூக்கு மகளைப் பார்த்தார்.

"சொல்லும்மா."

"அணைஞ்சிடுச்சு," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே எழுந்தான். அன்றிலிருந்து அவன் மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறான். வீட்டுக்குப் போகும் வழியில் நடந்த பேச்சு இது:

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"அப்பா பார்த்தாருங்க."

"நானும்தான் உன்னைப் பார்த்தேன்."

(இந்தக் கடைசி வரி எழுதும்போது தானாக வந்தது. தானாக வரும் வரிகளை நான் நம்புவதில்லை. இருந்தாலும் விட்டுவைக்கிறேன்.)

4

இங்கே ஒரு சந்தேகம். மூக்குக்கு மூக்கு இருக்கிறதா?

முதல் பிரதியில் ஒரு காய்ச்சல் வைத்திருந்தேன். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் அவருக்கு வாசனையே போய்விட்டது, யாருக்கும் சொல்லாமல் தவிக்கிறார், என்று. எழுதி முடித்துப் படித்தால் எனக்கே கண் கலங்கிவிட்டது. உடனே அடித்துவிட்டேன். வியாதியைக் கொடுத்தால் ஆள் தப்பித்துவிடுவார். நீங்களும் 'ஐயோ பாவம்' என்று ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள்.

அவருக்குக் காய்ச்சல் கிடையாது. முன்பு நன்றாகவே ருசி தெரிந்தவர். பேரும் வந்தது, கேட்க ஆளும் சேர்ந்தது. பிறகு ருசி பார்ப்பதைவிட ருசியைப் பற்றிப் பேசுவது ருசியாகிவிட்டது. இந்த வியாதி எழுத்தாளர்களுக்கு வராது என்று சொல்ல வந்தேன், சொல்லாமல் விடுகிறேன்.

5

அன்று காலை, வீட்டில்.

"புதுசா வந்திருக்கிற மைல்டு சுருட்டை இன்னைக்கு மேசையில வைக்கப் போறேன்," என்றான் மாப்பிள்ளை. "உங்கப்பா இப்பல்லாம் பேசறதுதான் ஜாஸ்தி. அணைஞ்சா சொல்லுவியா?"

"ஏன் அணையப் போகுது?"

"அணைஞ்சா சொல்லுவியான்னுதான் கேட்டேன்."

"போட்ட சட்டையில பொத்தானைக் காணோம் பாருங்க," என்றாள் அவள்.

மாலை, பின்னறை. பட்டை கழற்றிய சுருட்டுகள். வெளிர் பழுப்பு நிறம். மகள் சிம்பைப் பற்றவைத்து மூவருக்கும் ஏற்றினாள்.

"பாதாம்," என்றார் மூக்கு.

"பாதாம்தான்," என்றார் பல் டாக்டர். "தோல் உரிச்சது."

"லேசா வறுத்திருக்காங்களோ?" இது வக்கீல்.

"வறுக்கலை. வெயில்ல காய வச்சது," என்றார் மூக்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். வெயில் என்றதும் அவருக்கு வாலிபத்தில் பார்த்த ஒரு புகையிலைத் தோட்டம் ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து தோட்டக்காரன், அவனிடமிருந்து அவனுடைய கோபக்கார மனைவி, அங்கிருந்து பொதுவாக மனைவிகள். சுருட்டு விரலிடுக்கில் காத்திருந்தது. சாதுவான சுருட்டு. கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாது. சத்தமில்லாமல் அணைந்தது.

கதையை முடித்துவிட்டு அவர் அதை வாயில் வைத்தார். கன்னம் குழிய இழுத்தார். கண்ணை மூடினார். வாயைத் திறந்தபோது புகை வரவில்லை. வார்த்தைதான் வந்தது.

"இப்பதான் மனசு திறக்குது. நடுவில ஒரு பால் மணம் பாருங்க. பழைய மரப் பீரோவைத் திறந்த மாதிரி."

பல் டாக்டர் அந்தச் சுருட்டின் நுனியைப் பார்த்தார். தன் சுருட்டின் நுனியையும் பார்த்துக்கொண்டார்.

"பீரோதான்," என்றார். "பூச்சி உருண்டை போடாத பீரோ."

"எனக்கு ஆட்சேபணை இல்லை," என்றார் வக்கீல்.

ஓசியில் சுருட்டு கொடுக்கிறவரைப் பற்றி உண்மை பேசும் அளவுக்கு இருவரும் நன்றி கெட்டவர்கள் அல்ல.

மகள் பார்த்துவிட்டாள். அவள் வேலையே அதுதானே. கையில் அடுத்த சிம்பு. நாற்காலிக்குப் பின்னால் மாப்பிள்ளை. அவன் மாமனாரைப் பார்க்கவில்லை, இவளைப் பார்க்கிறான். சொன்னால் அப்பா தன் வாழ்நாள் நாற்காலியிலிருந்து, தானே போட்ட சட்டத்தால், பல் டாக்டர் முன்னால் எழுந்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால், அன்று புருஷனைப் பற்றிச் சொன்ன வாய் இன்று ஏன் மூடியிருக்கிறது என்று ஆயுசு முழுக்க ஒரு கேள்வி வீட்டுக்குள் நடமாடும்.

அவள் வாயைத்...

6

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. முடித்துப் பார்த்தவற்றைக் காட்டுகிறேன்.

"அணைஞ்சிடுச்சு" என்கிறாள். மூக்கு எழுகிறார். மாப்பிள்ளை உட்கார்கிறான். கணக்கு நேர் ஆகிவிடும், வாசகர்களுக்குத் திருப்தி. ஆனால் அந்தப் பெண் முதல் தடவை அப்பாவுடைய வாய், இந்தத் தடவை புருஷனுடைய வாய். அவளுக்கென்று ஒரு வாய் எங்கே?

சொல்லாமல் இருக்கிறாள். சுருட்டு அலமாரி ஏறுகிறது. அட்டையில் 'பாதாம், பால், பழைய மரப் பீரோ' என்று அச்சாகிறது. வாங்கிப் பிடிக்கிற எல்லாருக்கும் பீரோ வாசனை வருகிறது. என் அண்ணன் மகனுக்குத்தான் முதலில் வரும். நடக்கக்கூடியது இதுதான். நடக்கக்கூடியது என்பதாலேயே எழுதக் கை கூசுகிறது.

மூன்றாவதாக, மூக்கே கண்ணைத் திறந்து, "அணைஞ்ச சுருட்டையும் ருசிக்கத் தெரிஞ்சவன்தான்யா..." என்று ஒரு பிரசங்கம் செய்து கைதட்டு வாங்குகிறார். வயதானவர்களுக்கு ஆறுதல் சொல்லும் முடிவு. நானும் வயதானவள்தான். எனக்கே வேண்டாம்.

எதை எடுத்தாலும் நான் வாசலில் கேட்ட வரிகளை எங்கே வைப்பது என்று முட்டுகிறது. எல்லாரும் போன பிறகு மகள் சொல்லியிருந்தால், அந்த "தெரியும்" பயங்கரமானது. பீரோ வாசனை பேசும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேசையிலேயே குனிந்து காதோரம் சொல்லியிருந்தால், "பேசாம இரு" என்பது அதட்டல் வேஷம் போட்ட கெஞ்சல்.

7

இன்னொரு வரியும் கேட்டது. இவ்வளவு நேரம் உங்களிடம் சொல்லவில்லை.

"பேசாம இரு"வுக்குப் பிறகு, கதவுக்கு அருகிலேயே, வேறு ஓர் ஆண் குரல். வயது குறைந்த குரல்.

"மாமா, நெருப்பு வேணுமா?"

பிறகு தீக்குச்சி உரசும் சத்தம். மரச் சிம்பு இல்லை, சாதாரணத் தீக்குச்சி. பற்றியதா என்று தெரியாது.

இதை மறைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த வரி உள்ளே வந்தால் நான் பாடுபட்டு வளர்த்த மாப்பிள்ளை கையை விட்டுப் போய்விடுகிறான். மறு நெருப்பு கிடையாது என்ற சட்டத்தால் எழுப்பப்பட்டவன், அந்தச் சட்டம் போட்டவருக்கே நெருப்பு நீட்டுகிறான். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று குத்திக் காட்டினானா? சரி மாமா, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் என்று காப்பாற்றினானா? இல்லை, அவளைப் பேச வேண்டிய அவசியத்திலிருந்து மீட்டானா?

எந்தக் குரலில் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். குரலை நான் மறப்பதில்லை. ஆனால் அதை எழுத எழுத்து இல்லை, இருந்தாலும் எழுதப் போவதில்லை. நீங்களே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாமனார் பக்கத்தில் இருந்தால் மெதுவாக.

"மாமா, நெருப்பு வேணுமா?"

எந்தக் குரல் வந்ததோ, அதுதான் முடிவு. வந்த குரல் பிடிக்கவில்லை என்றால் என்மேல் கோபப்பட வேண்டாம். வாய் உங்களுடையது.