அக்காவின் வெள்ளைத் துண்டுகள்

என் சலவைக் கடைக்கு வாடிக்கையாளர்கள் பலர். அவர்களில் என் உயிரை எடுத்தவள் ஒருத்திதான். அவள் என் கூடப் பிறந்த அக்கா.

அழகு நிலையம் வைத்திருக்கிறாள். வாரம் இரண்டு தடவை துண்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவாள். எல்லாம் வெள்ளை. தலைச்சாயம் துடைப்பதும் அவற்றில்தான். சாயத்துக்கென்று கறுப்புத் துண்டு வாங்கி வைத்துக்கொள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிவிட்டேன். வெள்ளைதான் பார்க்கச் சுத்தமாக இருக்குமாம். இருக்கும், துவைக்கிறவள் நான்தானே? கறை போகாவிட்டால் நானே நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். விட்டுத் தொலை என்று என் கணவர் எத்தனையோ முறை சொன்னார். மனசு வரவில்லை. அம்மா போன பிறகு அக்கா என் வாசலை மிதிப்பது அந்த மூட்டைகளோடு மட்டும்தான். திட்டித் தீர்த்துவிட்டுக் கிளம்பும்போது, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை கறையையும் தேய்த்தேன்.

போன மாதம் ஒரு துண்டில் கறை நின்றுவிட்டது என்று கூப்பிட்டாள். போட்டது போட்டபடி ஓடினேன். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், இது யார், உங்கள் ஜாடையாக இருக்கிறதே என்று கேட்டார். அக்கா அந்தத் துண்டை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி சொன்னாள்.

"துணி துவைக்கிறவங்க."

துணி துவைப்பதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. கூடப் பிறந்தவள் என்று சொல்ல அவளுக்கு என்ன கேடு?

மறுநாள் காலையிலேயே, கடையில் மிச்சமிருந்த அவள் துண்டுகளை ஒரு பொட்டுக் கறை இல்லாமல் துவைத்து மடித்துக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். இனிமேல் என் கடைக்கு அனுப்பாதே, வேறு ஆள் பார்த்துக்கொள் என்றேன். வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்று நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டுத் துண்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"துண்டுதான் வேணாம்னேன். நீ எப்பவும் போல வாக்கா."

எண்ணுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"துண்டு இல்லாம நான் எதுக்கு அங்க வரணும்?"

கோபத்தில் கேட்டிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். அவள் நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, நீ போகலாம் என்றாள். வந்துவிட்டேன்.