அறுபது வருஷத்து விஷமம்

ஊரே புது வருஷத்துக்கு வெடி போட்டுக் கொண்டாடியது; சீதாலக்ஷ்மிக்கு மட்டும் அது துக்க நாள். இருக்காதா பின்னே! அவள் அப்பா வைத்தீஸ்வரன் எழுதிய ஒரே நாவல் அன்றைக்குப் பொதுச் சொத்தாகிறது. எழுதினவர் செத்து, புத்தகமும் வந்து அறுபது வருஷம் முடிந்தால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், வாரிசைக் கேட்கவே வேண்டாமாம். சட்டம் போட்டவனுக்கு என்ன, அவன் அம்மாவா கதையில் வருகிறாள்?

சீதாலக்ஷ்மியின் அம்மா வருகிறாள், லோகாம்பாள் என்ற சொந்தப் பெயரோடேயே. படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷன் சொல்வது போலக் கதை. கடைசி வரி இது: ‘லோகா தந்த விஷமத்தை நான் விழுங்கிவிட்டேன்.’ கொச்சியில் இவர்கள் குடியிருக்கும் மட்டாஞ்சேரித் தமிழர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. மலையாளம் கலந்த அவர்கள் பேச்சில் விஷமம் என்றால் மனவருத்தம். பெண்டாட்டி தந்த வருத்தத்தைப் பாவம் மனுஷன் வெளியே சொல்லாமல் விழுங்கினான், அவ்வளவுதான்.

சென்னைக்காரர்களுக்கு இது புரிந்தால்தானே! அவர்களுக்கு விஷமம் என்றால் குறும்பு. குறும்பை எப்படி விழுங்குவது என்று தலையைச் சொறிந்துவிட்டு, அச்சுப்பிழைதான் என்று தாங்களே முடிவு கட்டி, “விஷம்னு திருத்திடலாமா மேடம்?” என்று கேட்டு வந்த பதிப்பாளர்கள் எத்தனை பேர்! எல்லோரையும் விரட்டியடித்தாள். அப்பாவும் நாவலை எழுதி முடித்த கையோடு வயிற்று வலியில் படுத்து, புத்தகம் வெளிவரும் முன்பே போய்ச் சேர்ந்தவர். விஷம் என்று அச்சானால் ஊர் அம்மாவை எந்தக் கண்ணால் பார்க்கும்?

அந்தப் புது வருஷம் பிறக்கும் முன்பே, டிசம்பர் கடைசியில், சங்கர்ராம் என்றொரு சென்னைப் பதிப்பாளன் போனில் வந்தான்.

“இனிமே உங்க அனுமதி தேவையில்ல மேடம். ஒரு மரியாதைக்குச் சொல்றேன்.”

“அந்த ஒரு வார்த்தையை மட்டும் தொடாதீங்கோ. எங்க ஊர்ப் பேச்சில அது சங்கடமாக்கும். அம்மா இருக்கா, மனசு நொந்து போயிடுவா.”

“அம்மா உயிரோட இருக்காங்களா?” அவன் குரலில் சந்தோஷம் பொங்கியது. “ஒரு பேட்டி கிடைக்குமா?”

படுபாவி! அவள் போனை வைத்துவிட்டாள். ஜனவரியில் கூரியரில் புத்தகம் வந்தது. அட்டையில் வளையல் போட்ட ஒரு கை டம்ளரை நீட்டியது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ‘லோகா தந்த விஷத்தை.’

அப்போது பார்த்து எதிர்வீட்டுத் தன்யா ஓடி வந்தாள். “சேச்சி, கேமராவோட ரெண்டு பேர் வந்திருக்கா. லோகாம்பாள் வீடு எதுன்னு தெருவெல்லாம் கேக்கறா.”

சீதாலக்ஷ்மி கதவைத் தாழ் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினாள். அவள் மடியில் புத்தகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். “உன்னைக் கொலைகாரியாக்கிட்டான் அம்மா. என்னால தடுக்க முடியலை.”

லோகாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை நிதானமாகப் படித்தாள். எண்பத்தைந்து வயது முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“விஷமிக்காதே, கேட்டியா. திருத்தினவன் நல்ல சமர்த்தனாக்கும்.”

“என்னம்மா சொல்றே? அப்பா எழுதினது விஷமம்னுதானே?”

“உங்கப்பா போனப்புறம் அச்சாபீஸிலேர்ந்து புரூஃப் வந்தது. படிச்சுப் பாத்தது நான்தான். மத்ததெல்லாம் அப்படியே விட்டுட்டேன். அங்கே மட்டும் ஒரு ‘ம’ சேத்தேன்.”

சீதாலக்ஷ்மிக்கு அழுகை நின்றுபோயிற்று. வாசல் மணி அடித்தது. லோகாம்பாள் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“வந்தவாளை உள்ளே உக்காத்தி வை. காப்பி நான் கலக்கறேன்.”