வணக்கம் போடும்வரை

சங்கு ஊதுகிறவன் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் தணிகைவேல் அதே பொய்யை இன்னொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர் தேவனேரியிலிருந்து வந்திருந்த தூரத்து உறவு. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, நைனா போகும்போது நீ பக்கத்தில் இருந்தாயா என்று கேட்டார். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். சாவு வீட்டில் மகனிடம் கேட்க வேறு என்ன இருக்கிறது?

செங்கல்பட்டு சினிமாக் கொட்டகையில் தன் பேருக்குப் போட்ட ஸ்லைடைப் பார்த்ததும் எழுந்து ஓடியதாகச் சொன்னான். ஸ்டாண்டுக்குள் நுழையும்போது மாமல்லபுரம் பஸ் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்த பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டி நின்றுபோயிற்று. ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு பூஞ்சேரி வரைக்கும் வந்து, அங்கிருந்து வெறுங்காலோடு ஓடியே வந்தான். முந்தின நாள் முதலில் சொன்னபோது தவறிப்போன பஸ் மட்டும்தான் இருந்தது. லாரி பிறகு சேர்ந்தது. செருப்பு அறுந்துபோனது இன்று காலையில்தான் சேர்ந்தது. பொய்யும் சினிமாக் கதை மாதிரிதான், சொல்லச் சொல்ல நன்றாக வருகிறது.

"பாவம், நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லிவிட்டு அவர் பந்தலுக்குள் போனார்.

அவனுடைய நைனா மாரியை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஆறு மாதமாக மூச்சிரைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிய மனிதர் இப்போதுதான் நீட்டிப் படுத்திருந்தார். தலைமாட்டில் விளக்கு காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. ரத்னா அதைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ரத்னா அவனுடைய அக்கா. அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான். அதே மீனவர் குப்பத்தில் உலகநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு, புருஷன் வீட்டுக்கும் அப்பன் வீட்டுக்குமாக நடந்தே காலம் தள்ளினாள். சினிமா என்றால் அவளுக்கு ஆகாது. இந்த வீட்டில் ஆம்பிளைகள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் ஆகாது.

மாரிக்கு ஒரு நடிகர் மேல் உயிர். கட்டுமரத்தில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து வலை இழுத்த காலத்திலேயே, மீனை விற்ற கையோடு குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிவிடுவார். மகன் ரசிகர் மன்றம் வைத்தபோது ஊரே சிரித்தது, அவர் மட்டும் போர்டுக்குப் பெயிண்ட் வாங்கித் தந்தார். படுக்கையில் விழுந்தபின் மகன் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான் அவருக்குப் படம். பாட்டையும் விடக்கூடாது, சண்டையையும் விடக்கூடாது. நடுவில் இருமல் வந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். இருமி முடித்ததும், "உம், அப்பறம்" என்பார்.

அவருக்கு ஒரு குறை உண்டு. அவருடைய ஆள் படத்தில் சாகக் கூடாது. முன்பு ஒரு படத்தில் செத்துவிட்டார் என்பதற்காக இரண்டு வேளை சோறு தின்னாமல் கிடந்தார். வெள்ளிக்கிழமை வந்த புதுப்படத்திலும் ஆள் கடைசியில் செத்துவிடுகிறார் என்று ஒரு பேச்சு குப்பத்துக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கஞ்சி குடித்துக் கொஞ்சம் தெளிவாக இருந்தவர், மகனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"போயி பாத்துட்டு வா. செத்துட்டான்னா எங்கிட்ட சொல்லாத. பொழச்சிக்கினான்னா மட்டும் சொல்லு."

ரத்னா அடுப்படியிலிருந்து வந்து, இன்றைக்குப் போகாதே என்றாள். நைனாவுக்கு நகம் நீலம் பூத்திருக்கிறது என்றாள். அவன் அவள் காதில் விழாத மாதிரி சட்டையை மாட்டினான். நைனாவே போகச் சொன்னார் அல்லவா?

இதையெல்லாம் நேற்றிலிருந்து அவன் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தான். அவரே அனுப்பினார், அவருக்காகத்தான் பார்த்தேன், கதையை முழுசாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. அதை நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. அவனாலேயே நம்ப முடியவில்லை.

நடந்தது இதுதான். மத்தியானம் மாரிக்கு மூச்சு திணற ஆரம்பித்ததும் உலகநாதன் மாமல்லபுரம் ஸ்டாண்டுக்கு ஓடி, செங்கல்பட்டு பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினான். கண்டக்டர் கொட்டகையில் சொன்னார். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், ஓடுகிற படத்தின் மேலேயே கோணல் எழுத்துகள் வந்து நின்றன: மாமல்லபுரம் மீனவர் குப்பம் தணிகைவேல் உடனே வீட்டுக்கு வரவும்.

கொட்டகையில் விசில் பறந்தது. அதுதான் அவனுக்குப் பயம். மூன்று மாதத்துக்கு முன் இப்படித்தான் ரத்னா ஒரு ஸ்லைடு போட வைத்தாள். அடித்துப் பிடித்து ஓடிவந்தால், உலகநாதனுக்கு வலை இழுக்க ஒரு ஆள் குறைகிறதாம். மன்றத்துப் பையன்கள் ஒரு வாரம் அவனை 'உடனே வீட்டுக்கு வரவும்' என்றே கூப்பிட்டார்கள். இனி ஸ்லைடு போட்டால் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அவர்கள் எதிரிலேயே சூளுரைத்திருந்தான்.

பக்கத்தில் இருந்த தேவசகாயம் அவன் தொடையைத் தட்டினான். தேவசகாயம் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் வேலைக்குப் போகிறவன். சிறுவயதிலிருந்து சிநேகிதன். "உங்க நைனாவுக்கு ஒடம்பு முடியலன்னியே, கெளம்பு மச்சான்" என்றான்.

"எங்கக்கா வேல இது. வுடு" என்றான் தணிகைவேல். சொல்லிவிட்டு, திரை வெளிச்சம் முகத்தில் படாதபடி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

அக்கா வேலை இல்லை என்று அவனுக்குத் தெரியும். காலையில் அந்த நகங்களை அவனும் பார்த்தான். பார்த்தும், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று இருந்துவிட்டான். ஸ்லைடு இரண்டாம் தடவை வந்தபோது தேவசகாயம் எதுவும் சொல்லவில்லை. அப்போதே எழுந்திருந்தால் பஸ் இருந்தது. விளக்கு வைப்பதற்கு முன்னால் வீட்டு வாசலில் கால் வைத்திருக்கலாம். மாரி விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இருந்தார்.

குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை. கட்டுமரங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ஆம்பிளைகள் மொத்தமும் பந்தலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் செத்தவரைப் பற்றியே பேசுவது? அவருடைய வலை, அவருடைய கோபம், ஒரு புயலில் அவர் கரை சேர்ந்த கதை எல்லாம் முடிந்தபின், பேச்சு தானாகவே அவருக்குப் பிடித்த விஷயத்துக்கு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு புதுப்படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கண்ணாயிரம் வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டான். அந்தப் பெருமை அவனுக்கு மூன்று நாளாகக் குறையவில்லை. பாட்டு எல்லாம் கற்கண்டு என்றான். மழையில் லாரி உருளுகிற காட்சியில் தனக்கே நெஞ்சு அடைத்தது என்றான். ஆனால் இடைவேளைக்கு அப்புறம் இழுவை, கதாநாயகிக்கு வேலையே இல்லை. எதிர் மன்றத்து நீலமேகம் விடவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு வெள்ளைச் சட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டான். சாவு வீடு என்பதை மறந்து இரண்டு பேர் சிரித்து, பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள். தேவசகாயம் மட்டும் பேச்சில் கலக்காமல், பந்தல் காலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். காலையில் வந்ததிலிருந்து அவன் தணிகைவேலின் முகத்தைப் பார்க்கவில்லை.

தணிகைவேல் பெஞ்சின் தலைமாட்டில் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் பேசுவது அவனுக்கு நன்றாகக் கேட்டது. நைனாவுக்கும் கேட்கிற தூரம்தான்.

கடைசியில் ஆள் என்ன ஆனார் என்று யாரோ கேட்டார்கள்.

"அவுட்டு" என்றான் கண்ணாயிரம். "ஆஸ்பத்திரி கட்டில்ல தம்பி கைய புடிச்சிகினு கீறான். தல சாஞ்சிடுச்சி. வெள்ளத் துணிய மூடிட்டாங்க. அவ்ளோதான், எல்லாரும் எந்திரிச்சிட்டோம்."

பிறகு நீலமேகம் பெஞ்சைப் பார்த்துச் சொன்னான். "நல்லவேள, மாரி அண்ணாத்த இத்த கேக்காம போச்சி. கேட்டிருந்தா அதுக்கே உசுரு போயிருக்கும்."

"சாவல" என்றான் தணிகைவேல்.

எல்லாரும் திரும்பினார்கள். நைனாவை வைத்துக்கொண்டு இவர்கள் அவருடைய ஆளைக் கொன்றுவிட்டார்கள். அது தவறு. அது எப்படித் தவறு என்று கடைசி வரைக்கும் பார்த்தவன் அவன்.

"ஆளு சாவல. துணிய மூடினதும் தம்பிக்காரன் காலண்ட உக்காந்து அழுவறான். அப்ப துணி மேல மூச்சு ஏறி எறங்குது. நர்ஸம்மா பாத்துட்டு ஓடியாந்து துணிய எடுக்குது. கண்ண தொறந்து பாக்கறான், தம்பியப் பாத்து சிரிக்கிறான். அதுக்கப்பறந்தான் தெரையில வணக்கம் போட்டு படத்த முடிக்கறாங்க. நீ பஸ்ஸு போயிடும்னு முன்னாடியே எந்திரிச்சி வந்திருப்ப. கடசி வரிக்கும் உக்காந்திருந்தாதான் தெரியும்."

சொல்லி முடித்தபின்தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது.

கண்ணாயிரம், அப்படியா என்று வாய் திறந்தவன் திறந்தபடியே நின்றுவிட்டான். காலையில் பஸ் கதையையும் லாரிக் கதையையும் கேட்டு 'ச்சு' கொட்டியவன் அவன்தான். பந்தலில் ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீலமேகம் பீடியைப் பற்றவைக்கப் போய், பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டான். தேவசகாயம் எழுந்து கடற்கரைப் பக்கமாக நடந்தான். தணிகைவேலின் காது மடல்கள் எரிந்தன. பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

அவனுக்குப் பின்னால் ரத்னா டீ கிளாஸ்களை வைத்த தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் நிதானமாக அவனைத் தாண்டிப் போய், பந்தலில் ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தாள். ஒரு கிளாஸ்கூடச் சிந்தவில்லை. காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். விளக்கு அணைந்திருந்தது. குனிந்து ஏற்றினாள்.

"அப்ப பொழச்சிக்கினானா?" என்று விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அவன் தலையை அசைத்தான்.

"நேத்து பூரா அத்தத்தான் கேட்டுகினு இருந்துச்சி நைனா. தம்பி வந்துதா, படத்துல ஆளு பொழச்சானான்னு. நீ வர்ற வழியாக் காணோம். கடசீல நானே சொல்லிட்டேன், தம்பி வந்துட்டான் நைனா, ஆளு பொழச்சிக்கினான்னு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன். எனக்கு இன்னா தெரியும் அந்தப் படத்தப் பத்தி? பொய் சொல்லி அனுப்பிட்டோமேன்னு ராவெல்லாம் எனக்குத் தூக்கமில்ல."

அவனுக்கு அவள் காலில் விழ வேண்டும்போல இருந்தது. பந்தலே பார்த்துக்கொண்டிருக்கையில் அதற்கும் தைரியம் வரவில்லை. "அக்கா" என்றான். அவள் திட்டினால், அறைந்தால்கூட, வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அவள் நைனாவின் நெற்றியில் நகர்ந்திருந்த காசைச் சரியாக வைத்தாள்.

அப்போது தெருமுனையில் அழுகுரல் கேட்டது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து சந்திரம்மா அத்தை வந்துவிட்டாள். மாரியின் தங்கை. இனி எடுக்க வேண்டியதுதான் என்று எல்லாரும் காத்திருந்தது அவளுக்காகத்தான். மார்பில் அடித்துக்கொண்டே வந்து அண்ணன் மேல் விழுந்தாள். அழுது ஓய்ந்து, தணிகைவேலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் போறப்ப நீ பக்கத்துல இருந்தியா கண்ணு? ஒங்கையால ஒரு வாய் தண்ணி ஊத்தினியா?"

கண்ணாயிரம் டீயை வாயருகில் வைத்தபடி பார்த்தான். நேற்றிலிருந்து எல்லாரிடமும் சரளமாக வந்த கதை தணிகைவேலுக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதுவும் வரவில்லை.

"பஸ்ஸு கெடைக்கல அத்த" என்றாள் ரத்னா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ஸ்லைடு பாத்ததும் ஓடியாந்துச்சி. வழீல பஸ்ஸு நின்னுப்போச்சி. பூஞ்சேரிலேர்ந்து செருப்புகூட இல்லாம ஓடியாந்துச்சி புள்ள. அது இன்னா பண்ணும்?"

சொல்லிவிட்டு, வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்க வீட்டுக்குள் போனாள்.

"ஐயோ, எங்கண்ணு" என்று அத்தை அவன் முன்னால் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவனுடைய காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, எங்கே முள் தைத்தது, எங்கே கொப்புளம் என்று ஈரக்கையால் உள்ளங்காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்தக் காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் அடுத்த காலுக்குக் கையை நீட்டினாள். அவன் விரல்களை மடக்கி அதை மணலுக்குள் புதைத்துக்கொண்டான்.