அடுப்போரம் படுத்த ஜெர்மன் துப்பாக்கி

மான் வேட்டைக் காலத்தின் கடைசி நாள். அம்மாவின் ஃப்ரீசரில் இரண்டு பொட்டலம் பட்டாணி மட்டும் கிடந்தது. காகித ஆலை மூடியதிலிருந்து எங்கள் வீட்டுக்குக் குளிர்காலக் கறி என்றால் மான்கறிதான். இன்றைக்கும் மான் தப்பினால் ஏப்ரல் வரை பட்டாணி.

இது தெரிந்தும் ரெய்னோ மாமா, குளத்தோர வேட்டைப் பரணை எனக்குத் தனியாகத் தர மறுத்துவிட்டார்.

"அது துப்பாக்கியா, தண்ணிக் குழாயா? சூப்பர் மார்க்கெட்ல தூண்டில் பக்கத்துல தொங்குனதுதானே! குளிருல மக்கர் பண்ணும்டி சைமி. நானும் வர்றேன். முதல் குண்டு என்னுது."

"என் துப்பாக்கி இதுவரைக்கும் ஒரு தடவகூட மக்கர் பண்ணல மாமா."

"குடும்பத்துலயே முதல் பட்டதாரி. அதுவும் மெக்கானிக்கல். வாங்குனது பிளாஸ்டிக் கட்டை!"

பல்கலைக்கழகத்தில் நான் மானைக் கொல்லும் காட்டுமிராண்டி. இங்கே துப்பாக்கி வாங்கத் தெரியாத படிப்பாளி. இரண்டு இடத்திலும் எனக்கு அறிவுரை சொல்ல ஆள் இருக்கிறது.

மூக்குமயிர் உறையும் குளிரில் பரணில் உட்கார்ந்தோம். மாமாவின் ஜெர்மன் துப்பாக்கி வால்நட் கட்டையும் பளபளப்புமாக, கல்யாணப் பெண் மாதிரி அவர் மடியில் கிடந்தது. விடிந்து அரைமணி நேரத்தில் எட்டுக்கிளைக் கொம்புள்ள ஆண்மான் ஒன்று குளத்துப் பக்கம் வந்தது. மாமா நிதானமாகக் குறிபார்த்து விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான். மான் தலை நிமிர்ந்தது. நான் அவசரத்தில் சுட்டேன். அதன் தலைக்கு மேலே ஒரு மரக்கிளை முறிந்து விழுந்தது. மான் நாலு தாவல் தாவி, என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தது. அந்த முட்டாள்தனம்தான் எங்கள் குளிர்காலத்தைக் காப்பாற்றியது. அடுத்த குண்டை ஏற்ற போல்ட்டைக் கரகரவென்று இழுத்துத் தள்ளி மறுபடி சுட்டேன். மான் அங்கேயே விழுந்தது.

மாமாவின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெய் மெழுகாகிக் கிடந்தது. குண்டைத் தட்டும் ஊசியைச் சுற்றிப் பனிக்கட்டி.

"நேத்து ராத்திரி முகாம்ல இதை எங்க வச்சீங்க?"

"அடுப்புப் பக்கத்துல."

"கதகதப்புல வியர்த்து, வெளிய வந்ததும் உறைஞ்சிருச்சு. 'துப்பாக்கி வராந்தாவுலயே இருக்கட்டும்'னு எல்லார்கிட்டயும் கத்துறதே நீங்கதானே!"

"அது மத்த துப்பாக்கிக்குடி. இதைப் போய் எப்படிக் குளிருல போடுறது?"

என்னுடையதையும் அடுப்போரம் வைத்து எண்ணெயில் குளிப்பாட்டியிருந்தால் அதுவும் ஊமையாகத்தான் ஆகியிருக்கும். அதன்மேல் எனக்கு அவ்வளவு பாசம் கிடையாது. அதனால் பிழைத்தது.

"உன்னுதுல ரெண்டாவது குண்டு சிக்காம ஏறிச்சே," என்று மாமா முணுமுணுத்தார். பிறகு திடீரென்று முகம் மலர்ந்து கத்தியை உருவினார். "திரும்புடி! முதல் குண்டு தவறிப்போச்சுல்ல?"

குறி தவறியவரின் சட்டையின் பின்பக்கத் தொங்கலை அறுத்து முகாம் சுவரில் ஆணியடிப்பது எங்கள் வழக்கம். விதி விதிதான். திரும்பினேன். அறுத்தார்.

"இப்ப நீங்க திரும்புங்க."

"நான்தான் சுடவே இல்லையே! சுடாதது எப்படிடி தவறும்?"

"எங்கம்மாவைக் கேட்டுச் சொல்லட்டுமா?"

அக்கா என்றால் மாமாவுக்கு அப்படி ஒரு பயம். திரும்பி நின்றார். நானும் அறுத்தேன். பின்பக்கம் குளிர் ஏற, சிரித்துச் சிரித்து மூச்சிரைக்க இருவரும் மானை முகாமுக்கு இழுத்துப் போனோம்.