ராய்ஸின் முப்பத்தேழு செட்டிங்

அமெரிக்காவின் டுலூத் நகரில் ராய்ஸும் நானும் சேர்ந்து ஒரு லாகிங் லைப்ரரி எழுதியிருந்தோம். ஒரு புரோகிராம் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை வரிவரியாக எழுதிவைப்பது அதன் வேலை. யார் வேண்டுமானாலும் தங்கள் புரோகிராமோடு சேர்த்துக்கொள்ளலாம், இலவசம்தான். ஆனால் அதைத் தொடங்கிவைக்கவே முப்பத்தேழு செட்டிங் இருந்தன. அத்தனையும் ராய்ஸ் பெற்ற பிள்ளைகள்.

"ஒண்ணுலகூட கை வைக்காத அனிகா. யாருக்கு எது தேவைப்படும்னு உனக்கெப்படித் தெரியும்?" என்பான்.

ஜனவரியில் வெண்டெல் ஹாகன் என்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நகராட்சியின் பனி தள்ளும் வண்டிகளுக்கு மென்பொருள் எழுதுபவர். 'உங்கள் லைப்ரரியோடு இரண்டு நாள் போராடினேன். ஒரு வரிகூட வரவில்லை. விட்டுவிட்டேன்' என்று எழுதியிருந்தார்.

உள்ளூர்க்காரர்தானே என்று மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். காட்டரிசி சூப்பை மேசையில் வைப்பதற்குள் ராய்ஸ் மடிக்கணினியைத் திறந்துவிட்டான்.

"அஞ்சு நிமிஷ வேலைங்க, பாருங்க."

"கையேட்டைப் பாக்காம செய்யி," என்றேன்.

"நான் எழுதினதுக்கு எனக்கே கையேடா?"

இருபது நிமிடம் ஆயிற்று. சூப் ஆறிப்போனது. திரையில் ஒன்றும் வரவில்லை. வெண்டெல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மூணாவது வரியில செட்டிங் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சுங்க. ஏங்க, தப்பான பேரக் குடுத்தா உங்க லைப்ரரி வாயத் திறந்து சொல்லாதா?"

"சொல்லாது," என்றேன். "ஊர்ல இருக்கிற தப்பையெல்லாம் எழுதிவைக்கும். தன் வீட்டுத் தப்பை மட்டும் முழுங்கிடும்!"

ராய்ஸின் காது சிவந்தது. பிறகு அவனே முதலில் சிரித்தான்.

அன்றே செட்டிங்குகளை வெட்ட ஆரம்பித்தோம். ஒரே வரி எழுதினால் போதும், நேரத்தோடு எல்லாம் திரையில் வந்துவிடும். கோப்பில் வேண்டுமென்றால் கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். முக்கியமான செய்திகள் மட்டும் போதுமென்றால் அதையும் சொல்லலாம். செட்டிங் பெயரில் பிழை இருந்தால், 'இதைத்தான் சொல்ல வந்தீர்களா?' என்று உடனே கேட்கும். இதற்கு மேல் எதையும் யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மற்றவற்றை வேறொரு பகுதிக்கு ஒதுக்கினோம். ஒவ்வொன்றையும் நகர்த்தும்போது ராய்ஸ் பெருமூச்சு விட்டான், ஆனால் தடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வெண்டெல் தொலைபேசியில் கத்தினார்.

"வந்துருச்சு! வெச்ச முதல் நிமிஷத்துலயே மாட்டிக்கிச்சு. பதினாலாம் நம்பர் வண்டி பனி தள்ளுற தகட்டைத் தரையில இறக்காமத் தூக்கிக்கிட்டே ஊர் சுத்துது, என் புரோகிராம் அதப் பனி தள்ளினதா எழுதிக்கிட்டிருக்கு! குன்றுத் தெரு சனங்க ரெண்டு வாரமா என்னைத் திட்டினது நியாயந்தான்!"

சனிக்கிழமை காலை, பனி தள்ளி முடித்த குன்றுத் தெருவின் படத்தை அனுப்பினார். பனிச் சுவர்களுக்கு நடுவே தார்ச்சாலை கறுப்பாகத் தெரிந்தது. ராய்ஸ் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழகா இருக்கில்ல?" என்றான்.